அம்மாவின் தோளில் தசைநாண் தைத்தாயிற்று. இனி ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

கொழுந்துக்காரி மகள் · திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டம். அம்மாவுக்கு 58 வயது. 18 வயதில் பேர் பதிந்து 40 வருஷம் கொழுந்து பறித்தவர். போன வருஷம் மழை நாளில் மலையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். அதற்கு முன்பே ராத்திரியில் தோள் வலி இருந்தது. தைலம் தேய்த்துக்கொண்டு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார். விழுந்த பிறகு கை தலைக்கு மேலே போகவில்லை. பறித்த கொழுந்தைத் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் எறிய முடியாமல், ஒவ்வொரு பிடிக்கும் இடுப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறார். எட்டு மாதம் அப்படியே வேலை செய்திருக்கிறார். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். எனக்குத் தெரியவே தெரியாது.

ஸ்கேன் எடுத்தபோது தோள் மூட்டைப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைநாண் முழுதாகக் கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். கிழிவு கிட்டத்தட்ட 3 சென்ரிமீற்றர். மூன்று கிழமைக்கு முன் ஒப்பரேஷன் நடந்தது. நாணை இழுத்து எலும்பில் தைத்திருக்கிறார்கள். கை ஸ்லிங்கில் இருக்கிறது. அம்மாவுக்குச் சீனி வியாதியும் இருக்கிறது.

இப்போது சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் ஒரு கிளினிக்கின் விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார். ஸ்டெம் செல் ஊசி மூன்று போட்டால் தைத்த இடம் மறுபடி கிழியவே கிழியாதாம். போக்குவரத்தோடு நம் காசுக்கு 8 இலட்சம் வரும். தம்பி நகையை அடகு வைக்கலாம் என்கிறான். அம்மா வேண்டாம் என்கிறார், ஆனால் அம்மா தனக்கென்று எதையுமே வேண்டும் என்று சொன்னதில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாவலப்பிட்டி ஃபிசியோ · திங்கள், இரவு 10.25

தங்கச்சி, முதலில் நகையை அலுமாரியிலேயே வையுங்கள். அவசரப்பட ஒன்றுமில்லை.

நான் 14 வருஷமாக ஃபிசியோதெரபி செய்கிறேன். என்னிடம் வரும் தோள்களில் பாதி தோட்டத்துத் தோள்கள்தான். அம்மாவின் நாண் இப்போது எலும்போடு ஒட்டியிருக்கவில்லை, நூல்தான் பிடித்து வைத்திருக்கிறது. எலும்புக்குள் இறக்கிய சின்ன ஆணியும் நூலும் நாணை எலும்பின் மேல் அழுத்திப் பிடித்திருக்க, அந்த இடைவெளியில் உடம்பு மெல்ல மெல்லப் புது இழையத்தை வளர்க்கிறது. முதல் கிழமை வீக்கமும் இரத்தமும். அதன் பிறகு சில கிழமைகள் ஒழுங்கில்லாத இளம் நார்கள். அந்த நார்கள் முறுகி, ஒரே திசையில் அடுக்கப்பட்டு, பலம் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். மறுபடி கிழிவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், மிஞ்சினால் ஆறு மாதத்துக்குள் நடக்கிறது.

ஆறாவது, ஏழாவது கிழமையில் வலி நன்றாகக் குறைந்துவிடும். நாண் அப்போதும் பச்சைப்பிள்ளை மாதிரித்தான் இருக்கும். வலி இல்லை என்பதால் கை சுகமாகிவிட்டது என்று நினைத்து விறகுக் கட்டைத் தூக்குகிறார்கள். என் அனுபவத்தில் மோசமான காலம் அதுதான். ஊசியைப் பற்றி டீச்சர் வந்து எழுதுவார், அவர் அதையெல்லாம் தேடி வாசிக்கிறவர்.

---

உயிரியல் டீச்சர் · செவ்வாய், காலை 6.10

பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, எழுதுகிறேன்.

தோள் மூட்டைச் சுற்றி நாலு தசைகள் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் சேர்ந்து மேற்கை எலும்பின் தலையைச் சட்டைக் கையின் மடிப்பைப் போல இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அதைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். அதிகமாகக் கிழிவது மேலே ஓடும் சுப்ராஸ்பினேட்டஸ் தசையின் நாண். கையைப் பக்கவாட்டில் தூக்கத் தொடங்குவதற்கு அது வேண்டும்.

நாண் மென்மையானது, எலும்பு கல். இரண்டும் நேரே ஒட்டினால் ஒவ்வோர் இழுப்புக்கும் அந்த விளிம்பு பிய்ந்துவிடும். அதனால் பிறவியில் நமக்கு அங்கே நாலு படிகள் அமைந்திருக்கின்றன: நாண், பிறகு நார்க் குருத்தெலும்பு, பிறகு சுண்ணாம்பு ஏறிய நார்க் குருத்தெலும்பு, பிறகு எலும்பு. மிகக் குறுகிய இடத்துக்குள் மென்மை கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகிறது. தேயிலை வேர் மண்ணுக்குள் போவதை நினைத்துப் பாருங்கள். தடித்த வேர் மெலிந்து மயிர் வேராகி, எது வேர் எது மண் என்று பிரிக்க முடியாமல் போகும். மண் சரிந்த பிறகு நாம் கல் மதில் கட்டுகிறோம். மதில் தாங்கும், ஆனால் வேர் பிடித்த பிடி அது இல்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு வளர்வது அந்த மதில்தான், தழும்பு இழையம். அந்த நாலு படியும் பழையபடி திரும்பி வருவதில்லை. தைத்தும் மறுபடி கிழிவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான், வைத்தியர்கள் ஸ்டெம் செல்லைத் தேடிப் போனதும் இதனால்தான்.

இப்போது ஸ்டெம் செல், அதாவது வேறு வகைக் கலங்களாக (செல்களாக) மாறக்கூடிய மூலக் கலம். தோள் ஆராய்ச்சிகளில் பாவிப்பது பெரும்பாலும் நோயாளியின் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுத்த கலங்கள். மஜ்ஜையை உறிஞ்சிச் சுழற்றிச் செறிவாக்கினாலும் அதில் உண்மையான ஸ்டெம் செல் மிகக் கொஞ்சம். மஜ்ஜையில் உள்ள கருவுள்ள கலங்களில் பத்தாயிரத்துக்கோ இலட்சத்துக்கோ ஒன்று என்ற கணக்கு. அந்தக் கலம் போய் உட்கார்ந்து நாணாக மாறிவிடும் என்றுதான் முன்பு நம்பினார்கள். 1991இல் இந்தக் கலங்களுக்கு ஸ்டெம் செல் என்ற பெயரைப் பரப்பிய ஆர்னோல்ட் கப்லன் என்ற விஞ்ஞானியே 2017இல் பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். அவை தாங்களே இழையமாக மாறுவதை விட, சுற்றியுள்ள கலங்களுக்குச் சமிக்ஞை கொடுத்து வேலை வாங்குகின்றன என்பது அவருடைய வாதம். ஒரு விஞ்ஞானி தான் கொடுத்த பெயரைத் தானே திருத்துவதை நான் மிகவும் மதிக்கிறேன், என் வகுப்பிலும் சொல்வேன்.

எலிகளில் செய்த சோதனையும் இதற்குப் பொருந்துகிறது. நியூயோர்க்கில் ஒரு குழு 2009இல் மஜ்ஜைக் கலங்களைத் தைத்த இடத்தில் வெறுமனே வைத்தபோது நாண் ஆறுவதில் முன்னேற்றம் இல்லை. நாண் உருவாவதற்கான ஸ்க்ளராக்ஸிஸ் என்ற மரபணுவைக் கலத்துக்குள் ஏற்றி வைத்தபோது, 2011இல், பிடிப்பு பலமாக வந்தது. கலத்துக்கு என்ன கட்டளை கிடைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மனிதர்களில் செய்ததைப் பின்னேரம் எழுதுகிறேன்.

---

பண்டாரவளைத் தம்பி · செவ்வாய், காலை 11.32

டீச்சர் மன்னிக்க வேண்டும், எலியோடு நிறுத்திவிட்டீர்கள், அதனால் மனிதர்களின் கணக்கை நானே போடுகிறேன். பிரான்ஸில் ஹெர்னிகூ என்ற வைத்தியரின் குழு 2014இல் வெளியிட்டது. 45 பேருக்குத் தோள் தைக்கும்போதே இடுப்பெலும்பு மஜ்ஜையைச் செறிவாக்கிப் போட்டார்கள். இன்னொரு 45 பேருக்கு அது இல்லாமல் தைத்தார்கள். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 45 பேருக்கும் ஆறியிருந்தது, மற்றக் குழுவில் 30 பேருக்கு. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் 87 வீதம் ஒரு பக்கம், 44 வீதம் மறு பக்கம். இது சின்ன வித்தியாசமா?

எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு நல்ல மருந்து வந்தால் அது கொழும்புக்கு வந்து, கண்டிக்கு வந்து, நம் லயத்து வாசலுக்கு வரும்போது ஒரு தலைமுறை போய்விடும். நம் அம்மாமார் தோளைக் கொடுத்துத்தான் இந்த நாட்டுக்கு டொலர் வந்தது. அந்தத் தோளுக்கு மட்டும் பொறுத்துப் பார், பொறுத்துப் பார் என்கிறீர்கள். அக்கா, காசு புரட்ட முடிந்தால் போடுங்கள் என்பேன்.

---

கொழுந்துக்காரி மகள் · செவ்வாய், பகல் 1.05

தம்பி சொன்னதை வாசித்ததும் அழுகை வந்துவிட்டது. என் மனசில் இருப்பதும் அதுதான். அம்மாவுக்கு நல்லதாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

---

உயிரியல் டீச்சர் · செவ்வாய், மாலை 5.50

தம்பி, நீங்கள் சொன்ன எண்கள் அத்தனையும் சரி. உங்கள் கோபமும் நியாயம். என் அப்பாயி 50 வருஷம் கூடை சுமந்தவர், அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்த ஆராய்ச்சியில் கொடுத்ததும் அந்த விளம்பரத்தில் விற்பதும் ஒன்றா என்று பாருங்கள்.

பிரான்ஸில் போட்டது ஒப்பரேஷன் மேசையில், நாணைத் தைக்கும் அதே நேரத்தில், நாணும் எலும்பும் சேரும் அந்த இடத்திலேயே. அம்மாவுக்குத் தைத்து மூன்று கிழமை ஆகிவிட்டது. கடவுச்சீட்டு, விசா, விமானம் எல்லாம் முடிந்து அங்கே போகும்போது எட்டுக் கிழமை ஆகிவிடும். மூடிய தோளுக்குள் மூன்று தடவை ஊசி ஏற்றப் போகிறார்கள். ஹெர்னிகூவின் 45 பேரில் ஒருவருக்குக்கூட அப்படிச் செய்யவில்லை. அவருடைய எண்ணைக் காட்டி இதை விற்கக் கூடாது.

அந்த ஆராய்ச்சியில் யாருக்கு மஜ்ஜை, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கவும் இல்லை. வயது, கிழிவின் அளவு எல்லாம் பார்த்துச் சோடி சேர்த்தார்கள். நல்ல வேலைதான், ஆனாலும் அதில் சாய்வு நுழைய இடமுண்டு. ஆனால் அதிலேயே இருக்கும் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: மறுபடி கிழிந்தவர்களுக்குப் போட்ட கலங்களின் எண்ணிக்கை மற்றவர்களை விடக் குறைவு. கலத்துக்கு உண்மையிலேயே ஒரு பங்கு இருக்கலாம் என்பதற்கு அது நல்ல அறிகுறி. அதனால் ஸ்டெம் செல் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன்.

கொரியாவில் 2017இல் வந்தது இன்னொன்று. கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களை ஃபைப்ரின் பசையோடு சேர்த்துத் தைக்கும்போது வைத்தார்கள். ஸ்கேனில் மறுகிழிவு 28.5 வீதத்திலிருந்து 14.3 வீதமாக, பாதியாகக் குறைந்தது. ஆனால் வலியிலும் கையின் பாவனையிலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. 2023இல் அமெரிக்காவில் குலுக்கல் முறையில் செய்தார்கள், கிழிவு 1 முதல் 3 சென்ரிமீற்றர், கிட்டத்தட்ட அம்மாவுடைய அளவு. அங்கேயும் மஜ்ஜை போட்டவர்களின் ஸ்கேன் நன்றாக இருந்தது, ஒரு வருஷத்தில் கையின் பலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஸ்கேன் படம் அழகாவதும், அம்மா தன் கூந்தலைத் தானே முடிப்பதும் வேறு வேறு. எட்டு இலட்சத்துக்கு நாம் எதை வாங்குகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலேயே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், இரத்த நோய்களுக்குச் செய்வது தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையை முறையான ஆராய்ச்சிக்கு வெளியே கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு கேட்க மாட்டார்கள். 8 இலட்சம் கேட்கிறார்கள் என்றால் அது ஆராய்ச்சி இல்லை.

---

இரவுக் கடமை · புதன், அதிகாலை 2.15

வார்டில் இருந்து எழுதுகிறேன். எலும்பு முறிவு வார்டில் தாதியாக இருக்கிறேன்.

டீச்சர் சொல்லாமல் விட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. ஊசியால் வரும் கிருமி. 2018இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து செய்த ஸ்டெம் செல் என்று விற்றதை மூட்டிலும் முதுகிலும் ஏற்றிக்கொண்ட 12 பேர் பக்றீரியா தொற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அதை அவர்களுடைய அரசாங்கமே வெளியிட்டது. புட்டிக்குள்ளேயே கிருமி இருந்தது. மற்றவருடைய உடம்பிலிருந்து எடுத்துப் புட்டியில் அடைத்து விற்பதற்கும், தன் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து அந்த மேசையிலேயே போடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட மாட்டார்கள். அங்கே கேட்டீர்களா, யாருடைய கலம் என்று?

அம்மாவுக்குச் சீனி. சீனி கூடிய உடம்பில் கிருமியும் சீக்கிரம் பரவும், நாணும் பிந்தித்தான் ஆறும். சீனிக்காரரின் நாண் மறுபடி கிழிவது அதிகம், அதுவும் சீனியைக் கட்டுப்பாட்டில் வைக்காதவர்களுக்கு. மூன்று மாத சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்? தோட்டத்தில் அம்மாமார் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், என் அம்மாவும் அப்படித்தான். பசிக்குச் சீனித் தேத்தண்ணியும் ரொட்டியும். காசு இருந்தால் அதில் ஒரு பங்கை முட்டைக்கும் பருப்புக்கும் நெத்தலிக்கும் செலவழியுங்கள். காயம் ஆற புரதம் வேண்டும்.

வீட்டில் யாராவது சுருட்டு, பீடி, வெற்றிலையோடு புகையிலை என்றால் அதையும் பாருங்கள். நிக்கொட்டின் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அந்த நாணின் நுனிக்கு ஏற்கனவே இரத்தம் குறைவு.

---

கொழுந்துக்காரி மகள் · புதன், காலை 7.20

மிஸ், அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுவார். மலையில் பசி தெரியாமல் இருக்க எல்லோரும் போடுவார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எச்.பி.ஏ.1.சி. செய்தது ஒப்பரேஷனுக்கு முன், 8.9 என்று துண்டில் இருக்கிறது.

---

இரவுக் கடமை · புதன், காலை 7.31

8.9 கூடுதல். இதைக் கீழே கொண்டுவருவது அந்த ஊசியை விட அம்மாவின் தோளுக்கு உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கே சீனிக் கிளினிக்கில் காட்டுங்கள். புகையிலையைச் சண்டை போட்டு நிறுத்தச் சொல்லாதீர்கள், 40 வருஷப் பழக்கம் அது. தோள் ஆறும் வரைக்கும் என்று கேட்டுப் பாருங்கள், அம்மா கேட்பார்.

---

கவ்வாத்துக் கத்தி · புதன், இரவு 8.45

மகள், நான் மஸ்கெலியா. வயது 61. முப்பது வருஷம் கவ்வாத்து வெட்டினேன். ஆறு வருஷத்துக்கு முன் எனக்கும் இதே ஒப்பரேஷன்.

ஃபிசியோ தம்பி எழுதியதை வாசித்தபோது என்னைப் பார்த்து எழுதியது போல இருந்தது. ஏழாவது கிழமை எனக்கு வலி இல்லை. ஸ்லிங்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன். பேத்தி பெரிய பிள்ளையாகிச் சடங்கு வைத்தோம். வீட்டு முன் இஸ்தோப்பில் அடுப்பு மூட்டிச் சோறு வடித்தார்கள். கிடாரத்தை இறக்க ஆள் பத்தவில்லை என்று ஒரு பக்கம் நான் பிடித்தேன். உள்ளே டக் என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சடங்கு வீட்டில் எப்படிச் சொல்வது? பிறகு ஸ்கேன் எடுத்தபோது தைத்தது விட்டுப்போயிருக்கிறது என்றார்கள். டொக்டர் அவ்வளவு பாடுபட்டுச் செய்தாரே, எந்த முகத்தோடு போய் நிற்பது என்று நான் கிளினிக்குக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

இப்போது கை தோள் மட்டம் வரைக்கும் வரும். ராத்திரி வலி முன்பு இருந்த அளவு இல்லை. உயரத்தில் ஒன்றை எட்டி எடுக்க முடியாது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆள் இருந்தால் அம்மா தூக்க மாட்டார். ஆள் இல்லை என்றால் எந்த டொக்டர் சொன்னாலும் தூக்கத்தான் செய்வார்.

---

நாவலப்பிட்டி ஃபிசியோ · புதன், இரவு 9.30

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 2004இல் அமெரிக்காவில் பெரிய கிழிவுகளைத் தோலில் போட்ட சிறு துளை வழியாகத் தைத்த 18 பேரைப் பின்னர் ஸ்கேன் செய்தபோது 17 பேருக்கு மறுபடி கிழிந்திருந்தது. அவர்கள் கிடாரம் தூக்கியவர்கள் இல்லை. அப்படியிருந்தும் அவர்களில் அதிகமானோருக்கு முதல் வருஷத்தில் வலி குறைந்து கை முன்னை விட நன்றாகவே இருந்தது, உங்களுக்கு இருப்பது போல. பிரான்ஸில் 2005இல் பார்த்ததில் சுப்ராஸ்பினேட்டஸ் மட்டும் கிழிந்த 65 பேரில் 71 வீதம் முழுதாக ஆறியிருந்தது, 65 வயதைத் தாண்டியவர்களில் 43 வீதம்தான். வயதும், கிழிவின் அளவும், தசைக்குள் கொழுப்பு ஏறியிருப்பதும் சேர்ந்துதான் இதைத் தீர்மானிக்கின்றன. கிழிந்த நாணோடு வருஷக்கணக்கில் இருந்தால் தசை மெலிந்து கொழுப்பாகிவிடும். தைத்தாலும் அந்தக் கொழுப்பு பெரும்பாலும் திரும்பத் தசையாவதில்லை. நம் ஆட்கள் தைலத்தோடு காலத்தைக் கடத்தி, கடைசியில் வருவதால் இழப்பது இதைத்தான்.

இன்னொன்றும் இதிலிருந்து விளங்கும். நாண் ஆறாதவருக்கும் வலி குறையும் என்றால், விளம்பரத்தில் ஒருவர் வந்து எனக்கு ஊசி போட்டு வலி போய்விட்டது என்று சொல்வதை வைத்து நாண் ஒட்டியது என்று சொல்ல முடியாது.

ஐயா, நீங்கள் கட்டாயம் மறுபடி கிளினிக்குக்குப் போக வேண்டும். மிச்சம் இருக்கும் மூன்று தசையையும் தோள்பட்டையையும் பழக்கினால் இந்த வயதிலும் கை இன்னும் உயரும்.

---

ஹப்புத்தளை மேகம் · வியாழன், பகல் 12.10

இடையில் ஒரு கேள்வி. சொந்த இரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசியும் ஸ்டெம் செல்லும் ஒன்றா? எங்கள் ஊரில் ஒருவர் ஒன்றுதான் என்கிறார். அத்தோடு மூலிகைப் பத்துக் கட்டலாமா?

---

உயிரியல் டீச்சர் · வியாழன், மாலை 4.40

ஒன்று இல்லை. பி.ஆர்.பி. என்பது குருதிச் சிறுதட்டுகளைச் செறிவாக்கியது. அதில் வளர்ச்சிக் காரணிகள் இருக்கும், ஸ்டெம் செல்லாக எதையும் எண்ணிக் கொடுப்பதில்லை. தோள் தையலோடு போட்டதில் சிலவற்றில் நன்மை, சிலவற்றில் ஒன்றுமில்லை. பத்துக் கட்டும் விஷயத்தை ஃபிசியோவிடம் விடுகிறேன்.

---

நாவலப்பிட்டி ஃபிசியோ · வியாழன், மாலை 6.02

தையல் போட்ட காயத்தின் மேல் பத்தோ எண்ணெயோ வேண்டாம். யாரும் பிடித்து உருவவும் கூடாது. அவ்வளவுதான்.

---

பண்டாரவளைத் தம்பி · வியாழன், இரவு 10.15

டீச்சர், இரண்டு நாளாக யோசித்தேன். அம்மாவுக்கு இப்போது சென்னை ஊசி பொருந்தாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். காசு புரட்டுங்கள் என்று அவசரப்பட்டு எழுதியதற்கு அக்கா மன்னிக்க வேண்டும்.

ஆனால் இனி ஒப்பரேஷன் செய்யப் போகிறவர்கள் என்ன கேட்க வேண்டும்? தைக்கும்போதே போடுவதுதான் பலன் என்றால், அதை நம் அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்க ஏதாவது வழி இருக்கிறதா?

---

உயிரியல் டீச்சர் · வெள்ளி, காலை 5.55

நல்ல கேள்வி, இதற்காகவே இன்னும் கொஞ்சம் வாசித்தேன்.

மஜ்ஜை இடுப்பெலும்பில் மட்டும் இல்லை. நாண் ஒட்ட வேண்டிய அதே மேற்கை எலும்பின் மேட்டிலும் இருக்கிறது. தைக்கும்போது அந்த மேட்டில் சிறு சிறு துளைகள் போட்டால் மஜ்ஜை இரத்தம் மேலே கசிந்து, உறைந்து, நாணுக்குக் கீழே சிவப்பு மெத்தை மாதிரிப் பரவும். தனி இயந்திரம் வேண்டாம், புட்டி வேண்டாம், மேலதிகக் காசு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எலிகளில் இந்தத் துளை வழியாக வந்த மஜ்ஜைக் கலங்கள் ஆறும் இடத்தில் போய்ச் சேர்ந்ததைக் கண்டிருக்கிறார்கள். 2013இல் இத்தாலியில் குலுக்கல் முறையில் 80 பேரிடம் செய்தார்கள். மொத்தமாகப் பார்க்கும்போது நம்பிச் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை, பெரிய கிழிவுகளில் மட்டும் துளை போட்டவர்களுக்கு நன்றாக ஆறியிருந்தது.

ஒரு குறை உண்டு. ஹெர்னிகூவே 2015இல் காட்டியது: நாண் கிழிந்தவர்களின் அந்த மேட்டில் ஸ்டெம் செல்லின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. கிழிந்து நெடுநாள் ஆனால் இன்னும் குறைவு. அதனால்தான் அவர் இடுப்பெலும்புக்குப் போனார்.

என்றாலும் நம்மால் கேட்கக்கூடியது இது. ஒப்பரேஷனுக்கு முதல் நாள் டொக்டரிடம், சேர், எலும்பு மேட்டில் துளை போட்டு மஜ்ஜை வரச் செய்வீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். பல வைத்தியர்கள் எலும்பைச் சுரண்டித் தயார் செய்யும்போது இதைத் தாங்களாகவே செய்கிறார்கள். போட வேண்டாம் என்று அவர் சொன்னால் எலும்பு மெலிந்திருப்பது போலக் காரணம் இருக்கும். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று நம் சனம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

---

கொழுந்துக்காரி மகள் · நான்கு நாள் கழித்து, செவ்வாய், இரவு 9.10

நேற்று அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் குலுங்கும்போது அம்மாவின் முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துப் பிடித்துக்கொண்டே போனேன்.

டீச்சர் சொன்னபடி டொக்டரிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. சிரித்து, எலும்பில் துளை போட்டுத்தான் தைத்தேன் என்று படம் வரைந்து காட்டினார்! சென்னை ஊசியைப் பற்றிக் கேட்டதும், இப்போது அந்த மூட்டுக்குள் ஊசி எதுவும் போக வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டார். வலி மாத்திரையைப் பற்றியும் சொன்னார். வீக்கத்துக்கான மாத்திரையை நாமாகக் கடையில் வாங்கித் தொடர்ந்து போடக் கூடாதாம், நாண் எலும்பில் ஒட்டுவதை அது பிந்தப்பண்ணலாம் என்று மிருகங்களில் கண்டிருக்கிறார்களாம். அம்மா அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

நகை அலுமாரியில் இருக்கிறது. நான் ஒரு மாதம் லீவு போட்டு வந்திருக்கிறேன். சம்பளம் இல்லாத லீவுதான், 8 இலட்சத்தோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. பீலியில் தண்ணீர் பிடிப்பது அப்பா. 35 வருஷத்தில் அப்பா குடம் தூக்கி நான் பார்த்ததில்லை. அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு குடத்தை எப்படி வைக்க வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குப் பேர் விழாத, சம்பளம் இல்லாத நாட்களை நினைத்துத்தான் கவலை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஆளுக்கொரு நேரம் சாப்பாடு கொண்டுவருகிறார்கள்.

ராத்திரி படுப்பதுதான் கஷ்டம். ஏதாவது வழி இருக்கிறதா?

---

நாவலப்பிட்டி ஃபிசியோ · செவ்வாய், இரவு 9.48

மல்லாந்து நேரே படுக்க வேண்டாம். சுவரில் சாய்த்து, முதுகுக்குக் கொழுந்துச் சாக்கில் வைக்கோலோ துணியோ அடைத்து வைத்துப் பாதி சாய்ந்தபடி படுக்கட்டும். முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை, கை பின்னால் விழாதபடி. எழும்பும்போது அந்தக் கையை ஊன்றக் கூடாது, இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். விரல், மணிக்கட்டு, முழங்கையைத் தினமும் அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை இறுகிவிடும். தோளை டொக்டர் சொன்ன நாளுக்கு முன் தானாகத் தூக்க வேண்டாம்.

வேலைக்கு: கனமான வேலை ஆறு மாதத்துக்கு முன் நினைக்கவே வேண்டாம். இலேசான வேலை கொடுக்கும்படி டொக்டரிடம் ஒரு கடிதம் இப்போதே கேட்டு வாங்கி, அதன் பிரதியைத் தோட்டத்து ஒபிஸில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது நிற்காது.

---

கொழுந்துக்காரி மகள் · மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 5.15

இந்த இழையை மறக்கவில்லை. அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். நாண் எலும்பிலேயே இருக்கிறது. கொஞ்சம் மெல்லியதாக இருக்கிறதாம், ஆனால் ஓட்டை இல்லை. எச்.பி.ஏ.1.சி. 7.2. புகையிலை பாதியாகக் குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு நிற்க அம்மாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பிள்ளைகளைத் தூக்கக் கூடாது என்று பொறுப்பாக இருக்கும் அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

நேற்றுக் காலை அம்மா சுவரில் விரலால் ஏறி ஏறிச் சாமி படம் வரைக்கும் கையைக் கொண்டுபோனார். படத்தில் ஒட்டியிருந்த பழைய பூவை எடுத்துக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

அடுத்த கிளினிக் வியாழக்கிழமை.

---

கவ்வாத்துக் கத்தி · ஞாயிறு, இரவு 7.30

மகள், வியாழன் காலை எத்தனை மணி பஸ்ஸில் போகிறீர்கள்? நான் மஸ்கெலியாவிலிருந்து முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து நிற்கிறேன். பழைய கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்துவிட்டேன். ஆறு வருஷத்துக்கு முந்திய திகதிதான் அதில் கடைசியாக இருக்கிறது. பரவாயில்லை, கொண்டு வருகிறேன்.